பேரதிர்ச்சியைச் சுமக்கும் ஆண்களுக்கு டிஜிட்டல் ஓவியம்: படிப்படியான முழு வழிகாட்டி

வேலூரில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடையொன்றில் பல ஆண்டுகளாக வடிவமைப்பு வேலை செய்து வருகிறேன். கல்யாணப் பேனரும் காதணி விழாப் பேனரும் பகலில் வரும்; கண்ணீர் அஞ்சலிப் பேனர் எந்த நேரத்திலும் வரும். இறந்தவரின் அண்ணனோ தம்பியோ மகனோ செல்பேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவார். அழமாட்டார், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். ஆனால் திரையில் படம் பெரிதாக விரிந்ததும் பேச்சு வந்துவிடும். சட்டையின் நீலம் இவ்வளவு அழுத்தமில்லை என்பார், மீசை நரைத்திருந்ததை மறைக்க வேண்டாம் என்பார். ஒருமுறை வழக்கம்போல் முகத்தைத் துடைத்துச் சீராக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "புருவத்துல இருக்கிற அந்தத் தழும்ப எடுத்துடாத தம்பி. சின்ன வயசுல நான் கல்லு உட்டு அடிச்சது." அதன்பின் அரைமணி நேரம் தம்பியைப் பற்றியே பேசினார். வீட்டில் மூன்று நாளாக அவர் வாய் திறக்கவில்லை என்று உடன் வந்த பையன் சொன்னான்.

வாயால் சொல்ல வராததை ஒரு படத்தைத் திருத்துகிற சாக்கில் ஆண்களால் சொல்ல முடிகிறது என்பதை அந்த நாற்காலியில் இருந்தபடியே கற்றுக்கொண்டேன். பின்னர் எனக்கே அது தேவைப்பட்டது. எங்கள் கடைப் பலகையொன்றைக் கட்ட ஏறிய உதவியாளரின் கையிலிருந்த இரும்புச் சட்டம் மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதன்பிறகு நான் வரைந்ததையும், தவறாகச் செய்ததையும், மனநல மருத்துவர் திருத்தியதையும் சேர்த்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இது யாருக்கு

வட ஆற்காடு என்று இன்றும் நாங்கள் சொல்லுகிற இந்தப் பகுதியில், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த இந்த நிலத்தில், பேரதிர்ச்சியைச் சுமக்கும் ஆண்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்களும், விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடி வந்து உடல்களைத் தூக்கியவர்களும் இருக்கிறார்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்தவர். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் பிழைத்தவர்களும் சேற்றில் இறங்கித் தேடியவர்களும் மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள். ஆம்பளை அழக்கூடாது என்ற பேச்சுக்கு நாம் கொடுக்கும் விலையில் இதுவும் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

பேரதிர்ச்சிக்குப் பின் தூக்கமின்மையும் திடுக்கிடலும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அவை தாமாகவே தணியும். ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சி கேட்காமலே கண்முன் வந்து நிற்பது, அந்த இடத்தையும் ஆட்களையும் தவிர்ப்பது, எப்போதும் காவல் நிற்பதுபோல் உடல் விறைத்திருப்பது, மனம் மரத்துப்போவது ஆகியவை தொடர்ந்தால் அதைத்தான் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980-இல்தான் இந்தப் பெயர் இடம்பெற்றது. அதற்கு முன்பும் மனிதர்கள் இதைச் சுமந்தார்கள், பெயர்தான் இல்லை.

ஓவியம் ஏன் உதவுகிறது

நடந்ததைக் கதையாகச் சொல்வதற்கு முன்பே மனம் அதைப் படமாகவும் ஓசையாகவும் மணமாகவும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே அதைச் சொல்லால் அணுகுவதைவிடப் படத்தால் அணுகுவது சிலருக்கு எளிதாகிறது. மனக்கண்ணில் படங்களை ஏந்தி வைத்திருக்கும் இடமும் அளவானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுங்காட்சிப் படமொன்றைப் பார்த்து அரைமணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு, அந்தக் காட்சிகள் அடுத்த வாரத்தில் குறைவாகவே திரும்பி வந்தன. கண்ணும் கையும் சேர்ந்து வடிவங்களோடு உழைக்கும்போது அந்த இடத்துக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது. பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2016-இல் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் கலைவேலையில் ஈடுபடுத்தி உமிழ்நீரைச் சோதித்தபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மனவழுத்தச் சுரப்பான கார்டிசோல் குறைந்திருந்தது. அதில் தேர்ந்த ஓவியர்களுக்கும் புதியவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வு மார்க்கரும் களிமண்ணும் காகிதமும் கொண்டு நடந்தது, திரையில் நடந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. பேரதிர்ச்சியின் நடுவில் இருப்பது கையறு நிலை; எதையும் நிறுத்த முடியாமல் நின்றுகொண்டிருந்த அந்த நொடி. டிஜிட்டல் ஓவியத்தில் அளவு முழுவதும் வரைகிறவரின் கையில் இருக்கிறது. ஒரு லேயரை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை, மறைக்கலாம், மங்கலாக்கலாம், நகத்தளவுக்குச் சுருக்கலாம், மூடி வைத்துவிட்டு நாளை திறக்கலாம். காகிதத்தில் வரைந்தால் அது வீட்டில் எங்கோ கிடக்கும், பிள்ளைகள் கண்ணில் படும். திரையில் வரைந்தது நீங்கள் திறந்தால்தான் வரும்.

முதல் படி: தனியாகத் தொடங்கலாமா என்று பாருங்கள்

நிகழ்வு நடந்து ஒரு மாதம் ஆகவில்லையென்றால் அதை வரைய முயலாதீர்கள். மூன்றாம் படியில் வரும் கோடுகளோடு நின்றுகொள்ளுங்கள். நடந்ததை உடனே கொட்டித் தீர்க்கச் சொல்லி வற்புறுத்துவது நன்மை தருவதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. இரவுதோறும் குடித்தால்தான் தூக்கம் என்ற நிலை இருந்தாலோ, இருக்கிற இடமே மறந்து அந்தக் காட்சிக்குள் போய்விடுவதாக உணர்ந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. வெளியே போக மனம் ஒப்பவில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இரண்டாம் படி: கருவியும் இடமும்

கையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்பேசியே போதும். ஐபிஸ் பெயின்ட் என்ற செயலியை விளம்பரங்களோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். லேயர், ஒப்பாசிட்டி (வரைந்தது எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு), ஸ்டெபிலைசர் (கோட்டின் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி) எல்லாம் அதில் உண்டு. மடிக்கணினி இருந்தால் கிரிட்டா முற்றிலும் இலவசம். ஐபேடு வைத்திருப்பவர்கள் புரோகிரியேட்டை ஒரே முறை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். விரலாலேயே வரையலாம், பேனா வேண்டுமென்றால் ரப்பர் முனை வைத்த மலிவான ஸ்டைலஸ் தொடக்கத்துக்குப் போதும். பென் டேப்லெட்டை முதல் மாதத்தில் வாங்காதீர்கள். காசு போட்டுவிட்டோமே என்ற கட்டாயம் இந்த வேலைக்கு ஆகாது.

சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளங்கை வியர்த்துக் கண்ணாடியில் ஒட்டும். கோடு தானாகத் துள்ளும். பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மூடும்படி கையில் மாட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் மனிதனுக்குக் கோடு இரண்டு முறை துள்ளினால் செல்பேசியைத் தூக்கி எறியத் தோன்றும்.

படுக்கையில் வரையாதீர்கள். விளக்கு எரிகிற இடத்தில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி, கதவு கண்ணில் படும்படி உட்காருங்கள். பின்னால் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுகிறவர்களுக்கு இது அவசியம். தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள்; அலாரம் அடித்தால் பாதிக் கோட்டில் இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். வீட்டிலிருப்பவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டால் நல்லது: "மருந்து மாதிரிதான் இந்தப் பயிற்சியும், இருபது நிமிஷம் கூப்பிடாதே, முடிச்சதும் நானே வர்றேன்." மனைவியின் கண்ணுக்கு அது இன்னொரு செல்பேசிப் பழக்கமாகத் தெரிந்தால் வீட்டில் புதிதாக ஒரு சண்டைதான் சேரும்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம் வெறும் கோடு

நிகழ்வின் பக்கம் போகவே கூடாது. வெள்ளைத் திரையில், வாசலில் போடும் புள்ளிக் கோலம்போல ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிக் கோடு இழுங்கள். கோலம் பெண்கள் வேலை என்று தயங்க வேண்டாம். சுழித்துப் போகும் கோட்டுக்கு மூச்சை இழுத்து, அது திரும்பும்போது மூச்சை விட்டுப் பழகினால் மூச்சு தானாக நீளும். கை நடுங்குகிறவர்கள் ஸ்டெபிலைசரைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோடு நேராக வருவதைப் பார்ப்பதே ஒரு தெம்பு. பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டு வரலாம்.

அன்டூ பொத்தானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தவறைத் திரும்பப் பெற முடிவது பெரிய ஆறுதல்தான். ஆனால் நான் முதல் வாரம் முழுவதும் ஒரே கோட்டைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏணியை வேறு பக்கம் சாய்த்திருந்தால் என்று இரவெல்லாம் புரட்டிய அதே மனம்தான் அங்கேயும் வேலை செய்தது. அதனால் ஓர் இருபது நிமிடத்தில் மூன்று முறைக்குமேல் அன்டூ இல்லை என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம்

மூன்றாம் வாரத்தில், உங்கள் உடல் தளர்ந்து உட்கார்ந்திருந்த ஓர் இடத்தை வரையுங்கள். பாலாற்று மணலில் தோண்டிய ஊற்றாக இருக்கலாம், ஏலகிரிக்கு ஏறும் வளைவாக இருக்கலாம், பாட்டி வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். அழகாக வர வேண்டியதில்லை. நிறமும் வெளிச்சமும் சரியாக வந்தால் போதும். இந்தப் படத்தைத் தனிக் கோப்பாக, முதலில் கைபடும் இடத்தில் வையுங்கள். இனி ஒவ்வொரு நாளும் வேலையை இதைத் திறந்து தொடங்கி, இதையே திறந்து முடிக்க வேண்டும். கிளம்புவதற்கும் திரும்புவதற்கும் ஓர் ஊர் வேண்டும் அல்லவா.

ஐந்தாம் படி: நிகழ்வை ஓரத்திலிருந்து அணுகுதல்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. இதை அவசரமாகப் படிக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகப் படுக்க வைத்துச் செய்வார்கள். பீமன் வேடமிட்டவர் தொடையில் அடிக்க, திரௌபதி வேடத்திலிருக்கும் ஆண் கூந்தலை முடிப்பார். ஊரே பார்த்து நிற்கும், வேடமிட்ட ஆண்களின் ஒப்பாரியும் அங்கே கேட்கும். ஆனால் பாரதம் முதல் நாளிலேயே படுகளம் என்ற இந்தக் காட்சியில் தொடங்குவதில்லை. பகலில் கதை கேட்டு, இரவில் கூத்துப் பார்த்து, நாள் நாளாக நெருங்கித்தான் அந்தக் காலைக்கு வருகிறார்கள். வந்தபிறகும் களம் என்று ஓர் எல்லை இருக்கிறது. மாலையில் தீமிதி முடிந்து மனிதர்கள் வீடு திரும்புகிறார்கள். பெரிய கொடுமையைப் படமாகப் பார்க்க இப்படி ஒரு முறை வைத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். அந்த முறையையே இங்கும் கைக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நிகழ்வின் நடுவை வரையக்கூடாது. அன்று அந்த இடத்தில் இருந்த, யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் தேர்ந்தது உதவியாளரின் டிஃபன் பாக்ஸ். ஏணிக்குக் கொஞ்சம் தள்ளி, கழற்றி விட்ட செருப்புக்குப் பக்கத்தில், மஞ்சள் ஒயர்க்கூடைக்குள் அது இருந்தது. மூடியின் வளைவையும் கொக்கியையும் மட்டும் நான்கு நாள் வரைந்தேன். லாரி ஓட்டுகிறவர் தன் வண்டியின் முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை மிளகாயை வரையலாம். படையில் இருந்தவர் தண்ணீர்க் குடுவையை வரையலாம்.

அதன்பின் புது லேயர் ஒன்றைத் திறந்து, அடுத்த வளையத்திலுள்ளதை வரையுங்கள்: தரை, நிழல், வெயில் விழுந்த பக்கம். இதை முதலில் 10 விழுக்காடு ஒப்பாசிட்டியில் வையுங்கள். ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். உடல் அமைதியாக இருந்தால் மறுநாள் 20, அதற்கடுத்த நாள் 30. நெஞ்சு படபடத்தால் எண்ணைக் குறைத்துவிடுங்கள், அல்லது லேயரின் பக்கத்திலுள்ள கண் வடிவக் குறியைத் தொட்டு மறைத்துவிடுங்கள். மறைப்பது தோல்வியல்ல; மறைக்கவும் திறக்கவும் முடிகிறது என்று உடலுக்குக் கற்றுத்தருவதற்காகத்தான் இந்த வேலை முழுவதும். நடுவிலுள்ளதை எப்போது வரையலாம் என்பதற்குக் கணக்கில்லை. அதைச் சிகிச்சையாளர் உடனிருக்கும்போது மட்டும் வரைவது நல்லது. வரையாமலே விட்டுவிட்டாலும் குறையில்லை. எனக்கு ஏணி வரைக்கும் வர ஐந்து மாதம் ஆயிற்று. ஏணிக்கு மேலே இருந்ததை மருத்துவரின் அறையில்தான், சிறு கட்டைவிரல் அளவில் வரைந்தேன்.

செய்யக்கூடாதவை இரண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் விபத்துக் காணொளியையோ புகைப்படத்தையோ பார்த்து வரையாதீர்கள். இழப்பீட்டு வழக்கு நடந்தால் அவை சாட்சியமாகத் தேவைப்படலாம். ஆகவே அழிக்காமல் வழக்கறிஞரிடமோ அண்ணன் தம்பியிடமோ கொடுத்துவிட்டு உங்கள் செல்பேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டாவது, நிகழ்வைச் சொல்லிச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் படம் கேட்காதீர்கள். அது முழுக் காட்சியையும் ஒரே நொடியில் முகத்தில் அறைவதுபோல் கொடுத்துவிடும். அளவும் உங்கள் கையில் இராது, கையின் உழைப்பும் இராது.

ஆறாம் படி: நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

வரையும்போது காது அடைத்தாலோ, அறை தூரமாகப் போவதுபோல் இருந்தாலோ, அன்றைய மணம் மூக்கில் வந்தாலோ, உடனே கையை எடுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்து, சுற்றிலும் தெரிகிற ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, நான்காம் படியில் வரைந்த இடத்தைத் திறந்து பாருங்கள். இப்படி வாரத்தில் இரண்டு முறைக்குமேல் நடந்தால், கெட்ட கனவு முன்பைவிடக் கூடினால், குடித்துவிட்டு வரையத் தொடங்கினால், அல்லது உங்கள் சொந்தச் சாவையே வரையக் கை போனால், வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ 14416 எண்ணிலோ அன்றே பேசுங்கள்.

ஏழாம் படி: படங்களை என்ன செய்வது

கோப்புக்கு நிகழ்வின் பெயரை வைக்காதீர்கள், தேதி போதும். செல்பேசிப் படங்கள் இணையத்தில் தானாகச் சேமிக்கப்படுகிறதா என்று பார்த்து, வேண்டாமென்றால் அணைத்து வையுங்கள். மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே அது ஒருநாள் தானாக எழுந்து வரக்கூடாது. யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பாராட்டுக்காக முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவதை ஓராண்டுக்காவது தள்ளி வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் கை அவர்களுக்காக வரையத் தொடங்கிவிடும்.

மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். ஆண்கள் பெரும்பாலும் தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அந்த இடத்தில் மூன்று படம் பேசும்: தொடக்கத்தில் வரைந்தது ஒன்று, ஒதுங்கும் இடம் ஒன்று, எங்கே நின்றுபோனதோ அது ஒன்று. ஐபிஸ் பெயின்டில் வரைந்த வரிசை காணொளியாகவே பதிவாகும். கை எந்தக் கோட்டில் தயங்கியது என்று மருத்துவரோடு சேர்ந்து பார்க்கலாம். பேரதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சையும் கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையும் நன்கு சோதித்து நிறுவப்பட்டவை. ஓவியம் அவற்றுக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

ஆண்டு திரும்பும் நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். திதி நெருங்கும் வாரத்தில் உடல் நினைவுக்கு முந்திக்கொள்ளும். காரணம் தெரியாமலே கோபம் வரும். அந்த வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், ஓரத்திலிருந்து வரைந்த முதல் பொருளைத் திறந்து, அதில் விட்டுப்போன ஒன்றை மட்டும் சேருங்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் டிஃபன் பாக்ஸைத் திறக்கிறேன். சென்ற ஆண்டு மூடியில் கீறியிருந்த அவருடைய இனிஷியலைச் சேர்த்தேன். இந்த ஆண்டு, அவருடைய மகன் கடைக்கு வந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு, கொக்கி இடப்பக்கம் இருக்காது அண்ணா, வலப்பக்கம் என்றான். மாற்றி வரைந்தேன்.